திறந்த மூல இயங்குதளத்தில் புகைப்படத் திருத்தம் – ஓர் அறிமுகம்

முன்னுரை

மூலமும் உரையும் என்னும் தொடர் தமிழ் பயில்வோர்க்குப் புதியதன்று. நூலாசிரியர் யாத்தது மூலம். அதனை விளக்க எழுந்தது உரை. மூலம் கையில் இருப்பின் உரையை அதனோடு ஒப்புநோக்கலாம், உரைகாரரோடு மாறுபடலாம், புதியதோர் உரையும் காணலாம். மூலம் மறைக்கப்பட்டு உரை மட்டுமே கிடைக்குமாயின், உரைகாரர் கூறியதே முடிந்த முடிபாகிவிடும். கணிப்பொறியை இயக்கும் மென்பொருளுக்கும் இத்தகைய மூலம் ஒன்றுண்டு. நிரலாளர் எழுதிய அம்மூலநிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் இசைவு தருவனவே திறந்த மூல மென்பொருள்கள் எனப்படுகின்றன. கட்டற்ற மென்பொருள் என்னும் பெயரும் இவற்றுக்கு வழங்கும்.

நம் துறைக் கணிப்பொறிகளை அண்மையில் திறந்த மூல இயங்குதளமாகிய லினக்ஸுக்கு மாற்றினோம். மாற்றியவுடன் எழுந்த முதல் வினா, புகைப்படங்களைத் திருத்துவதற்கு இனி என்ன செய்வது என்பதாகும். அவ்வினாவுக்கு விடை தேடிய வழியில் நாம் கண்டவற்றைத் தொகுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மாற்றத்திற்கான காரணங்கள்

நம் துறையின் கணிப்பொறிகளில் விண்டோஸ் 10 நிறுவப்பட்டிருந்தது. அப்பதிப்பிற்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நிறைவுற்றது. அதனை அடுத்த விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பையும் அண்மைத் தலைமுறைச் செயலிகளையும் வேண்டுவது. நம் பழைய பொறிகளுக்கு அத்தகுதி இல்லை. நன்கு உழைத்துவரும் பொறிகளைக் கழித்துவிட்டுப் புதியன வாங்கப் பணமும் இல்லை, மனமும் இல்லை.

மற்றொரு காரணமும் உண்டு. அதனைச் சொல்லக் கூச்சமாக இருப்பினும் மறைத்தல் முறையன்று. நாம் பல்லாண்டுகள் பயன்படுத்திவந்த புகைப்பட மென்பொருள் முறையாக உரிமம் பெற்றதன்று. யாரோ கொடுத்த குறுவட்டிலிருந்து யாரோ நிறுவிச் சென்ற படி அது. பிறர் எழுதிய பத்தியை ஆய்வேட்டில் எடுத்தாண்டு பெயர் குறிப்பிடாத மாணவரை நாம் கண்டிக்கின்றோம். அதே அறையில் பிறர் உழைப்பை உரிய விலை கொடாமல் பயன்படுத்தி வந்தோம். மாணவர் ஒருவர் ஒருநாள் இதனைச் சுட்டிக்காட்டிய போது நம்மிடம் விடையில்லை.

மூன்றாவது காரணம் இம்மலரே. ஊர்ப் பெரியவர் ஒருவர் தம் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த பழைய குழுப் படம் ஒன்றைக் கழற்றிக் கொணர்ந்து, மலருக்குப் பயன்படுமா எனக் கேட்டார். ஈரம் படிந்து பழுப்பேறிய படம்; கண்ணாடியோடு ஒட்டிக்கொண்ட ஓரங்கள்; பூச்சி அரித்த ஒரு மூலை. இதற்கு வேறு படி இல்லை என்றார். அப்படத்தை மீட்டெடுப்பதற்கு நேரிய வழியில் கிடைத்த கருவி ஒன்று நமக்கு உடனடியாகத் தேவைப்பட்டது.

திறந்த மூல இயக்கம்: சுருக்க வரலாறு

அமெரிக்கரான ரிச்சர்டு ஸ்டால்மன் 1983இல் குனூ திட்டத்தை அறிவித்தார். மென்பொருளை எந்நோக்கத்திற்கும் இயக்குதல், அதன் செயல்முறையைப் பயின்று மாற்றுதல், படியெடுத்துப் பிறர்க்கு வழங்குதல், மாற்றிய வடிவத்தையும் வழங்குதல் ஆகிய நான்கும் பயனரின் உரிமைகள் என்பது அவர் கொள்கை. விலையின்மை இக்கொள்கையின் உயிர்நாடி அன்று, உரிமையே உயிர்நாடி. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கருவை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து இன்று உபுண்டு, மின்ட், டெபியன், ஃபெடோரா எனப் பல வழங்கல்களாக உலவுகின்றன.

நம் நாட்டிற்கும் இது அயலானதன்று. சீடாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இவ்வகையைச் சார்ந்ததே. தமிழக அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் இடம்பெற்றிருந்தது. மாணவர் பலர் அதனைத் திறந்தும் பாராமல் விட்டனர் என்பது வேறு செய்தி. அண்டை மாநிலமான கேரளத்தின் அரசுப் பள்ளிகளில் கணினிக் கல்வி கட்டற்ற மென்பொருளின் வழியாகவே நடைபெற்று வருகின்றது.

கிம்ப் பிறந்த வரலாறு

புகைப்படத் திருத்தம் என்றவுடன் எவர்க்கும் நினைவுக்கு வருவது ஃபோட்டோஷாப். தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் உடன்பிறந்தார் உருவாக்கிய அதனை அடோபி நிறுவனம் 1990இல் வெளியிட்டது. 2013 முதல் அதன் புதிய பதிப்புகள் சந்தா முறையிலேயே வழங்கப்படுகின்றன. லினக்ஸுக்கென அந்நிறுவனம் ஃபோட்டோஷாப்பை வெளியிட்டதில்லை. ஒயின் என்னும் இடைமென்பொருளின் துணையால் விண்டோஸ் மென்பொருள்கள் சிலவற்றை லினக்ஸில் இயக்கலாம். எனினும் ஃபோட்டோஷாப்பின் புதிய பதிப்புகளுக்கு அதனை நம்பியிருத்தல் இயலாது. ஆகவே லினக்ஸுக்கென்றே பிறந்த கருவியை நாடுதலே தக்கது. அவற்றுள் தலையாயது கிம்ப்.

கிம்ப் மென்பொருளின் பிறப்பு மாணவர் அறிந்துகொள்ள வேண்டிய ஒன்றாகும். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் பயின்ற ஸ்பென்சர் கிம்பல், பீட்டர் மாட்டிஸ் என்னும் மாணவர் இருவர் 1995இல் இதனை எழுதத் தொடங்கினர். பாடத்திற்கென மேற்கொண்ட வேறொரு செயல்திட்டம் கைகூடாமற் போனதே இதற்குத் தூண்டுகோலாயிற்று. 1996இல் முதற்பதிப்பு பொதுமக்கட்கு வழங்கப்பட்டது. பொத்தான்கள், சாளரங்கள் முதலியவற்றை வரைவதற்கு அவர்கள் முதலில் பயன்படுத்திய மோட்டிஃப் என்னும் கருவித்தொகுதி அந்நாளில் விலைக்குரியதாயிருந்தது, திறந்ததாயிருக்கவில்லை. அதனைச் சார்ந்திருக்க விரும்பாமல் ஜிடிகே என்னும் கருவித்தொகுதியைத் தாமே இயற்றினர். பின்னாளில் க்னோம் என்னும் பெரிய மேசைச்சூழலே ஜிடிகேயின் மேல் எழுப்பப்பட்டது. ஒரு படம் திருத்தும் கருவிக்காகச் செய்த துணைப்பணி, ஓர் இயங்குதளத்தின் முகத்தையே தாங்கும் தூணாயிற்று.

இன்னொரு செய்தியும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. லினக்ஸின் அடையாளமாக விளங்கும் பென்குவின் பறவைப் படத்தை லாரி யூயிங் 1996இல் வரைந்தது கிம்ப்பின் தொடக்கப் பதிப்பைக் கொண்டுதான். கிம்பலும் மாட்டிஸும் படிப்பை முடித்துப் பணியிலிருந்து விலகிய பின்னர், பிறர் பலர் முன்வந்து அதனைத் தொடர்ந்தனர், 1998இல் 1.0 பதிப்பு வெளிவந்தது. மூலநிரல் பூட்டப்பட்டிருப்பின் ஆசிரியர் இருவர் விலகியதோடு அம்மென்பொருளும் மறைந்திருக்கும். மூலம் திறந்திருந்தமையால் அது முப்பது ஆண்டு கடந்தும் வாழ்கின்றது. 2025 மார்ச்சில் 3.0 பதிப்பு வெளியிடப்பட்டது. வடிகட்டிகளைப் பயன்படுத்திய பின்னரும், மூலப்படம் சிதையாமல் அவற்றை மாற்றவும் நீக்கவும் இயலும் வசதி இப்பதிப்பில் இடம்பெற்றுள்ளது.

பணிக்கேற்ற மென்பொருள்

ஒரே மென்பொருள் எல்லாப் பணிக்கும் பொருந்தும் எனக் கருதுதல் பிழை. அகராதியைக் கொண்டு இலக்கணம் கற்பதில்லை. பணியை முதலில் வரையறுத்துக்கொண்டு அதற்குரிய கருவியைத் தேர்தல் வேண்டும்.

படத்தை வெட்டுதல், திருப்புதல், ஒளியைச் சற்றே கூட்டுதல் போன்ற எளிய பணிகட்கு ஷாட்வெல் அல்லது ஜிதம்ப் போதும். கறை நீக்குதல், கிழிசல் ஒட்டுதல், பின்னணி மாற்றுதல், எழுத்துப் பொறித்தல் ஆகியவற்றுக்குக் கிம்ப் உரியது. உயர்தரக் கேமராக்கள் பதிவுசெய்யும் ரா வகைக் கோப்புகளைப் பதப்படுத்த டார்க்டேபிள், ரா தெரபி என்னும் இரண்டும் உள்ளன. ஆயிரக்கணக்கான படங்களை ஆண்டு, நிகழ்வு, ஆள் என வகைப்படுத்திக் குறிப்புரையோடு காக்க டிஜிகேம் பயன்படும். தூரிகை கொண்டு ஓவியம் தீட்டக் கிரிட்டா ஏற்றது. இலச்சினை போன்ற கோட்டுருவங்களுக்கு இங்க்ஸ்கேப், மலரின் பக்கங்களை வடிவமைக்க ஸ்கிரிபஸ் எனக் கொள்ளலாம்.

இவை அனைத்தையும் இயங்குதளத்தோடு வரும் மென்பொருள் மேலாளரில் பெயரிட்டுத் தேடி நிறுவிக்கொள்ளலாம். அறியாத தளங்களிலிருந்து இறக்கி நிறுவுதல் வேண்டா. இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன் அதனை யுஎஸ்பி கோலிலிருந்தே இயக்கிப் பார்த்தலும் நன்று. வருடியும் அச்சுப்பொறியும் ஒழுங்காக இயங்குகின்றனவா என்பதை அப்போதே அறிந்துகொள்ளலாம்.

பழைய படத்தைச் செப்பனிடும் முறை

பெரியவர் தந்த படத்தைக் கொண்டு நாம் மேற்கொண்ட படிநிலைகளை இங்கு வரிசைப்படுத்துவோம்.

முதலாவது, வருடுதல். படத்தை அங்குலத்திற்கு 600 புள்ளி என்னும் அளவில் வருடினோம். நான்கு அங்குலமும் ஆறு அங்குலமும் கொண்ட படத்தை இவ்வளவில் வருடினால் 2400க்கு 3600, அதாவது 86 இலட்சத்து 40 ஆயிரம் புள்ளிகள் கிடைக்கும். அச்சுக்கு அங்குலத்திற்கு 300 புள்ளி பெரும்பாலும் போதுமாதலால், படத்தை இருமடங்கு பெரிதாக்கி அச்சிடவும் இயலும். கோப்பை டிஃப் அல்லது பி.என்.ஜி. வடிவில் சேமித்தல் வேண்டும். ஜேபெக் வடிவம் கோப்பின் அளவைக் குறைக்கும்பொருட்டுச் சில நுண்விவரங்களைக் கழித்துவிடும். மீண்டும் மீண்டும் திருத்திச் சேமிக்கும்போது அவ்விழப்பு பெருகும்.

இரண்டாவது, மூலத்தைக் காத்தல். வருடிய கோப்பின் படி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு மற்றொரு படியிலேயே பணிசெய்தோம். கிம்ப்பில் லேயர் எனப்படும் அடுக்குகள் உள்ளன. அடியில் மூலப்படம், அதன்மேல் கண்ணாடித்தாள் போன்ற வெற்றடுக்கு. திருத்தம் யாவும் மேலடுக்கிலேயே செய்யப்படும். மூலம் கீழே மாறாதிருக்க, உரை மேலே எழுதப்படுவது போன்றது இது. திருத்தம் பிழையாயின் மேலடுக்கை நீக்கிவிட்டால் போதும்.

மூன்றாவது, பழுப்பை நீக்குதல். கருப்புவெள்ளைப் படமாதலால் நிறங்களை நீக்கும் கட்டளையால் மஞ்சள் கறையின் நிறம் அகன்றது. அடுத்து லெவல்ஸ் எனப்படும் கருவியில் மிகக் கரியது எது, மிக வெண்மையானது எது என வரையறுத்தோம். மங்கிய முகங்கள் அந்நொடியே துலங்கின. அருகிருந்த மாணவர் ஒருவர், இரண்டாம் வரிசையில் நிற்பவர் தம் பாட்டனார் எனக் கூறியது அப்போதுதான்.

நான்காவது, கீறல்களை ஆற்றுதல். இதற்குக் குளோன், ஹீல் என இரு கருவிகள் உள்ளன. குளோன் ஓரிடத்தின் புள்ளிகளை அப்படியே எடுத்து மற்றோரிடத்தில் பதிக்கும். ஹீல், பதிக்குமிடத்தின் ஒளிநிழலோடு இசைவித்துப் பதிக்கும். கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறு நல்ல பகுதியைச் சுட்டிய பின்னர்க் கீறலின்மேல் தூரிகையை ஓட்டவேண்டும். சட்டை, சுவர் ஆகியவற்றின் கீறலுக்கு ஹீல் ஏற்றது. முகத்தின் விளிம்பு, தொப்பியின் ஓரம் போன்ற கூரிய எல்லைகட்குக் குளோன் ஏற்றது. வெற்றடுக்கில் பணிசெய்யும்போது, எல்லா அடுக்குகளையும் சேர்த்து மாதிரி எடுக்கும் தெரிவை இயக்கிக்கொள்ளல் வேண்டும்.

ஐந்தாவது, சேமித்தல். புதியவர் பலர் இடறுமிடம் இது. 2012இல் வந்த 2.8 பதிப்பு முதல் கிம்ப்பில் சேமித்தல் என்பது எக்ஸ்.சி.எஃப். என்னும் அதன் சொந்த வடிவில் மட்டுமே நிகழும். அடுக்குகள் அனைத்தும் அதில் காக்கப்படும். அச்சகத்துக்கோ பிறர்க்கோ தரவேண்டிய ஜேபெக், டிஃப் முதலியவற்றை ஏற்றுமதி என்னும் தனிக் கட்டளையால் பெறல் வேண்டும். முதலில் இது வீண் சுற்றாகத் தோன்றும். மூலத்தைத் தவறுதலாக அழித்துவிடாமல் காப்பது இம்முறையே என்பது பழகியபின் விளங்கும்.

நிரப்பலாகாத இடம்

பூச்சி அரித்த மூலையில் நின்றவர் ஒருவரின் முகத்தில் பாதி இல்லை. கைத்திறன் மிக்க நம் மாணவர் ஒருவர், மறுபாதி முகத்தைத் திருப்பி ஒட்டியும், அருகில் நின்றவரின் காதை எடுத்து இணைத்தும் அரைமணி நேரத்தில் ஒரு முழு முகத்தை உருவாக்கிவிட்டார். பார்த்தவர் யாவரும் வியந்தனர். பெரியவரிடம் காட்டினோம். அவர் நெடுநேரம் உற்றுநோக்கிவிட்டு, "நல்லா இருக்கு தம்பி, ஆனா இது அவர் இல்லை" என்றார்.

அச்சொல் நம்மைச் சிந்திக்க வைத்தது. ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர், செல்லரித்த இடத்தில் தம் புலமையால் ஒரு சீரை இட்டு நிரப்பிவிடுவதில்லை. புள்ளியிட்டு வெற்றிடம் விடுவர். ஊகமுண்டாயின் அதனை அடிக்குறிப்பில் ஊகமென்றே குறிப்பர். படத்திருத்தத்திற்கும் அவ்வறம் பொருந்தும். கீறலை ஆற்றுவது, படத்தில் ஏற்கெனவே இருந்ததை மீட்பது. இல்லாத முகத்தை வரைவதோ இடைச்செருகல். சொல் ஒன்றைக் கொடுத்தால் முழு முகத்தையே வரைந்து தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் பெருகிவிட்ட இந்நாளில் இவ்வேறுபாட்டை மாணவர் உணர்தல் இன்றியமையாதது. ஆகவே அம்முகத்தைப் பாதியாகவே விட்டோம். மேலடுக்கில் மட்டுமே திருத்தியிருந்தமையால் ஒரே சொடுக்கில் மூலம் மீண்டது.

குறைகளும் தீர்வுகளும்

நிறைகளை மட்டும் கூறுதல் நடுநிலையாகாது. முதற்குறை, பழக்கம். கட்டளைகளின் இடமும் குறுக்கு விசைகளும் வேறுபடுவதால் முதலிரு வாரங்கள் பணி மெதுவாகவே நடக்கும்.

இரண்டாவது, பழைய கோப்புகள். ஃபோட்டோஷாப்பின் பி.எஸ்.டி. கோப்புகளைக் கிம்ப் திறக்கும். எனினும் சில சிறப்பு விளைவுகள் மாறியோ மறைந்தோ தோன்றலாம். இன்றியமையாத கோப்புகளை இயங்குதளம் மாறுவதற்கு முன்னரே டிஃப் வடிவிலும் எடுத்துவைத்தல் அறிவுடைமை.

மூன்றாவது, அச்சு வண்ணம். திரை சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூவண்ணத்தால் இயங்குவது. அச்சகமோ சியான், மெஜந்தா, மஞ்சள், கருப்பு என்னும் நால்வண்ண மையால் இயங்குவது. கிம்ப் முதன்மையாக மூவண்ண முறையிலேயே பணிபுரியும். நால்வண்ணத்தில் எவ்வாறு தோன்றும் என முன்னோட்டம் காணவும், சில வடிவங்களில் நால்வண்ணமாக ஏற்றுமதி செய்யவும் 3.0 பதிப்பில் வழியுண்டு. முழுமையான நால்வண்ணப் பணிக்குக் கிரிட்டாவையும், பக்க வடிவமைப்பில் ஸ்கிரிபஸையும் துணைக்கொள்ளலாம். அச்சகத்தார்க்கு எவ்வடிவம் வேண்டும் என முன்னரே கேட்டறிதல் நன்று.

நான்காவது, தமிழ் எழுத்து. யூனிகோடு எழுத்துருக்களைக் கொண்டு கிம்ப்பில் தமிழைப் பிழையின்றிப் பொறிக்கலாம். கொம்பும் காலும் உரிய இடத்தில் அமைகின்றன. நோட்டோ, லோகித் முதலிய தமிழ் எழுத்துருக்கள் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. யூனிகோடுக்கு முற்பட்ட பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய பகுதிகளை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்த்துறையின் கடமை

மூலம் திறந்திருத்தலின் பயனை நாம் நுகர்வதோடு நிறுத்திக்கொள்ளல் போதாது. க்னோம் திட்டத்தின் மொழிபெயர்ப்புக் குழுக்களில் தமிழுக்கும் இடமுண்டு. நிரல் எழுத அறியாதவரும் அங்குப் பங்களிக்கலாம். லேயர், லெவல்ஸ், ஹீல் என இக்கட்டுரையிலேயே நாம் பிறமொழிச் சொற்களைக் கையாள நேர்ந்தது. அடுக்கு, அளவுநிலை, ஆற்றி என மாணவர் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்லிப் பார்த்தனர். எது எளிது, எது பொருளை உணர்த்துவது, எது வழக்கில் நிலைக்கும் என ஆராய்ந்து பரிந்துரைத்தல் கலைச்சொல்லாக்கம் பயிலும் தமிழ் மாணவர்க்கு உரிய பணியே. தேர்வுத்தாளில் எழுதும் விடை மதிப்பெண்ணோடு முடிந்துவிடும். இங்கு ஏற்கப்படும் ஒரு சொல் உலகெங்கும் உள்ள தமிழர் திரையில் தோன்றும்.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பின்வருவன பெறப்படும். லினக்ஸுக்கு மாறியோர் புகைப்படத் திருத்தத்திற்காகத் திரும்பிச் செல்லவேண்டியதில்லை. பணிக்கேற்பக் கிம்ப் முதலாய பல கருவிகள் உரிய உரிமத்தோடு விலையின்றியே கிடைக்கின்றன. நால்வண்ண அச்சு, பழைய கோப்பு ஆகியவற்றில் சில இடர்ப்பாடுகள் உண்டு. முன்னேற்பாட்டால் அவற்றைக் கடக்கலாம். கருவி எதுவாயினும் மூலத்தைக் காத்தல் முதற்கடமை.

செப்பனிட்ட படம் அச்சேறியது. மூலப்படத்தைப் புதிய சட்டத்தில் இட்டுப் பெரியவரிடமே திருப்பித் தந்தோம். வருடிய மூலக் கோப்பும் எக்ஸ்.சி.எஃப். கோப்பும் துறை நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பாதி முகத்தோடு மூலையில் நிற்பவரின் பெயர் இன்னும் உறுதிப்படவில்லை. அவரை அறிந்த பெரியோர் துறைக்கு வந்து தெரிவிப்பின், படத்தின் கீழ் உள்ள வெற்றிடத்தில் அப்பெயரைச் சேர்த்துக்கொள்வோம்.